டெட்ரிஸ் ஆடினால் அதிர்ச்சி போகுமா?

"விபத்து நடந்ததும் டெட்ரிஸ் ஆடினால் மன அதிர்ச்சி குணமாகும்" என்று வாட்சப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. சுத்தப் பொய் இல்லை. ஆனால் மூல ஆய்வுகளைப் படித்தால் அவை சொல்வது வேறு.

ஆக்ஸ்ஃபோர்டில் எமிலி ஹோம்ஸ் குழு 2009-இல் இதைச் சோதித்தது. கோரக் காட்சிகள் உள்ள ஒரு படத்தைக் காட்டி, அரை மணி கழித்து 10 நிமிடம் டெட்ரிஸ் ஆடச் சொன்னார்கள். ஆடியவர்களுக்கு அந்த வாரம் காட்சிகள் திடீர்னு மனசில் வந்து போவது குறைந்தது. 2010-இல் வினாடி வினாவோடு ஒப்பிட்டார்கள். வினாடி வினாவில் அது குறையவில்லை, கூடியது. அப்போ வெறுமனே கவனத்தைத் திருப்புவது மட்டும் விஷயம் இல்லை. கட்டைகளை மனசுக்குள் திருப்பிப் பார்ப்பதும், கண்ட காட்சி பதிவதும் ஒரே மெமரிக்குப் போட்டி போடும் ரெண்டு ப்ராசஸ் மாதிரி. இதுதான் அவர்கள் தரும் விளக்கம்.

2017-இல் வந்தது நிஜ விபத்து ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டு ஜான் ராட்க்ளிஃப் மருத்துவமனை அவசரப் பிரிவு, சாலை விபத்தில் சிக்கிய 71 பேர், விபத்து நடந்து 6 மணி நேரத்துக்குள். முதல் வாரத்தில் காட்சி திரும்ப வந்தது, ஆடியவர்களுக்குச் சராசரியாக 8.7 தடவை. ஆடாதவர்களுக்கு 23.3. அதாவது 62% குறைவு. ஃபார்வர்டு இங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு மாதம் கழித்து இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைக் 'குணம்' என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் விட்டுப்போச்சு. முதலில் அந்த மோசமான கணத்தை நினைவுக்குக் கொண்டுவரணும், பிறகுதான் ஆட்டம். 2015 சோதனையில் நினைவூட்டல் மட்டும், ஆட்டம் மட்டும் என்று தனித்தனியாகச் செய்து பார்த்தார்கள். ரெண்டும் பலிக்கவில்லை, சேர்ந்தபோதுதான் பலித்தது. போனைக் கையில் கொடுத்து "ஏதாச்சும் விளையாடு" என்பது இந்த வைத்தியம் இல்லை.

இதை நான் துருவக் காரணம் சிவகாசி. எங்கள் வத்திராயிருப்பு பக்கமிருந்தும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் உதவ ஓடியவர்களும் உண்டு. தீக்காயம் பட்டவர் கையால் டெட்ரிஸ் ஆட முடியாது. பக்கத்து அறையிலிருந்து தப்பி ஓடியவர், உடலைத் தூக்கியவர், இவர்களால் முடியும். ஆனால் காயமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்த அவசரப் பிரிவிலும் அவர்கள் பெயர் இருக்காது.

கொரோனா காலத்தில் ஐசியூ பணியாளர்களிடமும் ஹோம்ஸ் குழு இதைச் சோதித்தது. நாள்பட்ட நினைவுகளிலும் பலன் தெரிந்தது. அதனால் 6 மணி நேரம் தவறினால் எல்லாம் முடிந்தது என்றில்லை. ஆனால் நினைவைக் கிளறும்போது பழகிய ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த ஆளுக்கான முதல் கதவு இப்போதைக்கு டெலிமானஸ், 14416. ஃபார்வர்டு பண்ணுகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்து அனுப்பலாம்.