எவரெஸ்டின் எட்டுக்கால்காரர்

எவரெஸ்ட் என்றதும் மலையேறிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். எனக்கு ஒரு சிலந்தி. 1924 பிரிட்டிஷ் பயணக் குழுவின் மருத்துவர் ஹிங்ஸ்டன், சுமார் 6,700 மீட்டர் உயரத்தில் பாறை இடுக்குகளில் குட்டித் தாவும் சிலந்திகளைக் கண்டார். புல்கூட முளைக்காத இடம். எதைத் தின்னும்? ஒன்றையொன்று தின்கின்றன போலும் என்று எண்ணினார். பிறகு உயிரியலாளர் லாரன்ஸ் ஸ்வான் விடை சொன்னார்: பள்ளத்தாக்கிலிருந்து காற்று தூக்கிவரும் மகரந்தம், சருகுத்தூள் முதலியவற்றைச் சிறு பூச்சிகள் தின்கின்றன, அவற்றைச் சிலந்தி பிடிக்கிறது. காற்றே பரிமாறும் பந்தி!

இந்தச் சிலந்தி இனத்துக்கு முறையான விவரிப்பும் 'யூஃப்ரிஸ் ஆம்னிசூப்பர்ஸ்டெஸ்' என்ற பெயரும் 1975-இல்தான் கிடைத்தன, எழுதியவர் வான்லெஸ். அரை நூற்றாண்டுத் தாமதம்! ஆனால் வேலையும் லேசானதல்ல. முகப்பில் இரண்டு பெரிய கண்களைப் பார்த்துத் தாவும் சிலந்திக் குடும்பம் என்று யாரும் சொல்லிவிடலாம். இனத்தை உறுதிசெய்ய நிறம் போதாது, உயிரிக்கு உயிரி மாறும். ஆணின் வாயருகே உள்ள உணர்கால் நுனியையும் பெண்ணின் வயிற்றடி இனப்பெருக்க உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்த்து, கோடு கோடாக வரைய வேண்டும். பூட்டும் சாவியும் மாதிரி, இனத்துக்கு இனம் அமைப்பு வேறு. அந்தப் பொறுமையான கோட்டோவியங்கள் எனக்குச் சிகர வெற்றிக்குக் குறைந்தவையாகத் தோன்றவில்லை.

இந்தச் சிலந்தியின் உறவினர்கள் நம் வீட்டுச் சுவரிலும் உண்டு. துடைப்பத்தை எடுக்குமுன் ஒரு நிமிடம் அந்தக் கண்களைப் பாருங்கள்.