வாவிக்கரையும் குறுந்தொகைக் குருகும்

சங்கப் புலவர் இயற்கையைக் கூர்ந்து நோக்கியவர் என்பது பலகாலும் கூறப்படுவது. அவர் நோக்கியவற்றைக் கற்போரும் சென்று நோக்குதல் வேண்டும் என்பதோ அத்துணைக் கூறப்படுவதில்லை. நூலிலுள்ள பறவையை நூலிற் கண்டாற் போதும் என்னும் எண்ணம் கற்றோரிடை வேரூன்றியுள்ளது. இது பொருந்துமா என்பதைக் கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் செய்யுள் கொண்டு ஆராயலாம்.

களவிற் கூடிய நாளை நினைந்து தலைவி தோழிக்கு உரைப்பது அச்செய்யுள். அன்று அங்கே அக்கள்வனையன்றி வேறெவரும் இலர். அவன் சொற்பிறழின் அவள் செய்யக்கூடியது யாதுமில்லை. ஓடும் நீரில் ஆரல்மீனை எதிர்பார்த்து நின்ற குருகு ஒன்று மட்டும் உண்டு. அதன் பசிய கால் தினையின் தாளுக்கு ஒப்பிடப்படுகின்றது. மீன்மேற் கருத்தூன்றிய பறவை சான்றாகாது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அவ்வளவில் நின்றுவிடின், காலைப் பற்றிய உவமை வெறும் அணியாகவே எஞ்சும்.

மட்டக்களப்பிலே புலியந்தீவிலிருந்து கல்லடிவரை காலைப்பொழுதில் வாவியோரமாக நடப்போர்க்கு இவ்வுவமை வேறு பொருள் தரும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வாவியின் கரைகளில் வெண்கொக்கும் மடையானும் இரை தேடும். சின்ன வெண்கொக்கின் கால் கரியது. அது காலால் நீரைக் கலக்கி மீனை எழுப்பும். மடையானின் காலோ பசுமை கலந்த மஞ்சள் நிறத்தது. அது நெடும்பொழுது அசையாது நிற்கும். குருகு இன்ன பறவையே என அறுதியிடுதல் அரிதெனினும், கபிலர் கூறும் காலும் நிலையும் மடையானுக்கே பெரிதும் பொருந்துகின்றன. செய்யுள் குறிஞ்சித்திணையது, வாவிக்கரையோ நெய்தல் எனின், பறவையின் இயல்பு நிலந்தோறும் வேறுபடுவதன்று.

நீரில் அசையாது நிற்கும் அக்கால் புல்லின் தாளெனவே தோன்றும். தீங்கு கருதாது அணுகும் மீன் அலகிற்கு இரையாகும். எனவே தினைத்தாள் என்னும் உவமை நிறத்தை மட்டும் குறிப்பதன்று. தீங்கற்றது போல நின்று கவரும் வஞ்சத்தையும் குறிப்பதெனக் கொள்ள இடமுண்டு. தலைவி சுட்டும் ஒரே சான்றும் கள்வனின் இனமாகிவிடுகின்றது. அவளது ஆற்றாமை இதனால் இருமடங்காதல் காண்க.

நிலவிரவிற் கல்லடிப் பாலத்தருகே மீன்பாட்டுக் கேட்க விழைவோர் பலர். சுவாமி விபுலாநந்தர் (1892–1947) அவ்வொலியை நீரரமகளிர் இசையாகப் பாடினார். செவிக்கு வாய்த்த அப்பேறு கண்ணுக்கும் வாய்த்தல் வேண்டும்.

கொழும்பு மாநகர் 2018ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என ஏற்கப்பட்டது. அதனை அடுத்த பெத்தகானையில் நகரமக்கள் நடந்து பறவை காண்பதற்குப் பலகைப்பாதை உண்டு. மட்டக்களப்பிலோ வாவியே நகரைச் சூழ்ந்துள்ளது. அதன் கண்டற்காடு வெட்டுண்டு கரை தூர்க்கப்படுமாயின், இழப்பு மீனவர்க்கும் பறவைக்கும் மட்டும் உரியதன்று. செய்யுள் ஏட்டில் எஞ்சும். அதன் உரை கரையினின்றும் பறந்துவிடும்.