வட்டாரம் என்னும் அடைமொழி: திறனாய்வில் படிந்துள்ள மேட்டிமை நோக்கு

முன்னுரை

தமிழ்ப் புனைகதைத் திறனாய்வில் 'வட்டார இலக்கியம்' என்பது நிலைபெற்ற கலைச்சொல்லாகும். கரிசல், கொங்கு, நாஞ்சில், நடுநாடு என நிலப்பகுதிகளின் பெயரால் எழுத்தாளர்களை வகுப்பது பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் வழக்கமாகியுள்ளது. ஒன்றை வட்டாரம் என்று சுட்டுபவர் தாமும் ஓரிடத்தில் நின்றே சுட்டுகிறார். அவ்விடம் எது, அதற்கு ஏன் பெயரில்லை என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. நகரம் சார்ந்த படித்த வகுப்பினர் தம் மொழியையும் வாழ்வையும் பொதுவெனக் கொண்டு ஏனையவற்றை அதனின்று விலகியவையாகக் காணும் மனப்போக்கு, அவர்தம் நல்லெண்ணத்தையும் மீறி இக்கலைச்சொல்லின் வழியே தொழிற்படுவதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

மையமும் திசையும்

மொழிக்கு மையம் வகுக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் இயற்சொல்லினின்று திசைச்சொல்லைப் பிரித்துக் கூறுகிறது. சேனாவரையர் முதலியோர் செந்தமிழ் நிலத்தை வையைக்கு வடக்கே, மருதயாற்றுக்குத் தெற்கே, கருவூருக்குக் கிழக்கே, மருவூருக்கு மேற்கே அமைந்த பகுதியாக வரையறுத்தனர். அவ்வாறாயின், வையையின் தென்கரையிலுள்ள பழைய மதுரை செந்தமிழ் நிலத்துக்கு வெளியே நின்றுவிடும். தெய்வச்சிலையார் இவ்வரையறையை ஏற்கவில்லை. பழைய உரையாசிரியர்கள் தாம் கொண்ட மையத்தை எல்லை சொல்லி வெளிப்படையாக வகுத்தனர். ஆகவே அதனை மறுக்கவும் இயன்றது. இக்காலத் திறனாய்வின் மையமோ பெயரும் எல்லையும் இன்றி இருக்கிறது. அதனாலேயே அது மறுப்புக்கு உட்படாமல் நிலைக்கிறது.

இருவகை வாசிப்பு

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) தமிழின் முதல் வட்டார நாவலாகப் போற்றப்படுகிறது. கணவனை இழந்த பெண்ணொருத்தி குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்பதும் அதன் விளைவும் அந்நாவலின் உள்ளடக்கம். இந்து வாரிசுரிமைச் சட்டம் இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே இவ்வினாவை எழுப்பிய படைப்பு அது. எனினும், கொங்குப் பேச்சுவழக்கைக் கையாண்ட முன்னோடி என்னும் தகுதியே அதற்கு முதன்மையாக வழங்கப்பட்டுவருகிறது.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்', 'அம்மா வந்தாள்' ஆகியனவும் ஒரு குறிப்பிட்ட ஆற்றங்கரையையும் ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பேச்சையும் சார்ந்தவையே. அவரைத் தஞ்சை மண்ணின் எழுத்தாளர் என்று சுட்டுவதும் உண்டு. ஆயினும், அவர் நாவல்கள் ஆண்பெண் உறவு, மனவியல், இசை, அறம் ஆகிய பொதுத் தலைப்புகளிலேயே பெரிதும் ஆராயப்படுகின்றன. அவை அவ்வாறு ஆராயப்படத் தக்கவை என்பதில் ஐயமில்லை. அதே தகுதி 'நாகம்மா'ளுக்கு எளிதில் கிட்டாமையே ஈண்டு நோக்கத்தக்கது. 'கமலை', 'தொழு' என்பவற்றுக்கு நூலின் இறுதியில் பொருள் தரவேண்டும் என்று கருதும் பதிப்பாளருக்குத் 'தளிகை', 'ஆத்துக்காரர்' என்பவற்றுக்கும் பொருள் வேண்டும் என்று பொதுவாகத் தோன்றுவதில்லை. படிப்பவர் யார் என்பது குறித்த ஒரு முன்முடிவு இதில் அடங்கியுள்ளது.

கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையும் இதற்குச் சான்றாகும். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவு கழற்றிச் செல்லப்படுகிறது. அக்கதவையே ஊர்தியாக்கி விளையாடிய குழந்தைகள் பின்னர் அதனைக் கண்டு தழுவிக்கொள்கின்றனர். அரசுக்கும் வறியோர்க்கும் உள்ள உறவைக் குழந்தைகளின் கண்கொண்டு காட்டும் கதை இது. இதனைக் கரிசல் மணம் கமழும் கதை என்று பாராட்டி அமைவது பாராட்டின் வடிவில் நிகழும் குறுக்கமே ஆகும்.

அடைமொழி மறைப்பவை

நிலப்பெயர் அந்நிலத்தினுள் உள்ள ஏற்றத்தாழ்வுகளை மறைத்துவிடுவதும் உண்டு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) புலம்பெயர்ந்து வந்து காடு திருத்தி நிலம் கொண்டவர்களின் வரலாறு. பூமணியின் 'பிறகு' (1979) அதே கரிசலில் செருப்புத் தைத்து வாழும் அழகிரியின் வாழ்க்கை. விடுதலைக்குப் 'பிறகு' யாருக்கு என்ன மாறியது என்னும் வினா அதன் தலைப்பிலேயே உள்ளது. நிலத்தை உடையவர்க்கும் அந்நிலத்தில் உழைப்பவர்க்கும் கரிசல் ஒன்றன்று. இவ்விரு நாவல்களையும் 'கரிசல் இலக்கியம்' என ஒரே தலைப்பில் அடக்கும்போது சாதியும் வர்க்கமும் மண்வாசனைக்குள் மறைந்துவிடுகின்றன.

இச்சிக்கல் ஊர்ப்புறம் பற்றியது மட்டுமன்று. ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவ'னில் காட்டிய சென்னைச் சேரிமக்களின் பேச்சு தலைநகரத்துப் பேச்சே. இருப்பினும் அத்தகைய பேச்சு 'கொச்சை' எனப்படுகிறது; அந்நகரின் படித்தோர் பேச்சு 'பேச்சுத்தமிழ்' எனப்படுகிறது. தொலைவு என்று கூறப்படுவது பலவேளைகளில் வர்க்கமே என்பதை இது தெளிவாக்குகிறது.

மறுப்பும் விளக்கமும்

இவ்வடைமொழியை எழுத்தாளர்களே விரும்பி ஏற்றனரே என்னும் மறுப்பு எழலாம். கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும், பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் வெளியிட்டமை உண்மை. பேரகராதிகள் விட்ட சொற்களுக்கு இடம் கோரிய செயல்கள் அவை. ஒருவர் தம் மண்ணின் பெயரைத் தாமே சூடிக்கொள்வது உரிமை. பிறர் அதனையே அவருக்கு வரம்பாக்குவது மேட்டிமை. சொல் ஒன்றே எனினும் பயன் வேறு.

முடிவுரை

வட்டாரம் என்னும் சொல்லைக் கைவிடுவது தீர்வாகாது. எல்லா எழுத்தும் ஏதோ ஒரு வட்டாரத்தில், ஏதோ ஒரு வர்க்கத்தில் நின்றே எழுதப்படுகிறது என்பதை ஏற்று, அச்சொல்லை அனைவர்க்கும் ஒப்ப வழங்குவதே நேர்மை. 'ஜானகிராமன் நாவல்களில் வட்டார வழக்கு' என்னும் தலைப்பும் 'பூமணி நாவல்களில் அறக்கோட்பாடு' என்னும் தலைப்பும் ஆய்வாளர்க்கு ஒருசேர இயல்பாகத் தோன்றுதல் வேண்டும். தன் நிலத்தின் பெயரைச் சொல்லாத திறனாய்வு பிறர் நிலத்தை அளக்கும் தகுதியைப் பெறுவதில்லை.