பெட்டியை நம்பலாமா, பில்லை நம்பலாமா?

தருமபுரியிலிருந்து பஸ் ஏறினால் பெங்களூரு. கொஞ்சம் பொறுமை இருந்தால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். கல்யாண ஆர்டர் எடுக்கும் அரூர், பென்னாகரம் பையன்கள் அங்கிருந்து புதுக் கேமராவோடு திரும்பியதும் எழும் கேள்வி, 'ஒரிஜினல்தானா?' அதற்கு நம்மிடையே புழங்கும் சோதனைகளில் எத்தனை தேறும்?

'மேட் இன் ஜப்பான்' பார்ப்பது தேறாது. நிக்கானின் பெரிய ஆலையே தாய்லாந்தின் அயுத்தயாவில் இருக்கிறது; 2011 வெள்ளத்தில் அது மூழ்கி உற்பத்தி நின்றது. தாய்லாந்து என்று பார்த்ததும் முகம் சுளிப்பவர் நல்ல கேமராவைத்தான் திருப்பிக் கொடுக்கிறார். பெட்டி சீலும் ஹாலோகிராமும்? அவற்றை அச்சடிக்கத் தெரியாத ஊர் எது!

சீரியல் நம்பர் பெட்டியிலும் பாடியிலும் வாரண்டி கார்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. இருந்தாலும் நிம்மதி அடைய முடியாது. காரணம், ஏமாற்று அசல் பாடியை வைத்தே நடக்கிறது: சென்சார் உட்பட முழுக் கேமராவையே போலியாகச் செய்வது யாருக்கும் கட்டுப்படியாகாது. பேட்டரியிலும் ஃப்ளாஷிலும்தான் முழுப் போலி வரும். பாடியில் நடப்பது வேறு: ஓடிய கேமராவைத் துடைத்துப் புதிதென்று விற்பார்கள், அல்லது மலிவான மாடலுக்கு விலை கூடிய மாடலின் முகப்பை மாட்டுவார்கள். டி800 இப்படி டி800ஈ ஆக வேடமிட்டு வந்ததை நிக்கானே எச்சரித்திருக்கிறது. இங்கே கைகொடுப்பது, ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா தானே எழுதும் எக்ஸிஃப் தகவல். மாடல் பெயர் அதில் இருக்கும். நிக்கான் படங்களில் ஷட்டர் கவுண்டும் கிடைக்கும். புதுப் பாடியில் அது ஆயிரக்கணக்கில் ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கேனானின் பல மாடல்கள் அதைப் படத்தில் எழுதுவதில்லை. மெக்கானிக்கல் ஷட்டர் அசையாமலே படமெடுக்கும் மிரர்லெஸ்ஸில் எண்ணிக்கை குறைவென்பது முழுச் சான்றுமாகாது.

இத்தனையும் தாண்டிவிடும் ஒன்று உண்டு: க்ரே மார்க்கெட் கேமரா. பொருள் அசல், கவுண்ட் சுத்தம், நம்பரும் பொருந்தும். ஆனால் வேறு நாட்டுக்கென்று செய்யப்பட்டு, குறுக்கு வழியில் வந்தது. பழுதானால் இந்தியக் கிளை வாரண்டியில் தொடாது. அதைக் காட்டிக்கொடுப்பது காகிதம்தான். சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011 கேட்கும் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை பெட்டியில் இருக்கிறதா? பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? தமிழ்நாட்டுக் கடை என்றால் 33, பெங்களூருக் கடை என்றால் 29 என்று அது தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் தட்டினால் கடைப் பெயர் வந்துவிடும். 2019 ஜனவரி முதல் டிஜிட்டல் கேமராவுக்கு வரி 18 சதவீதம். 'பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன், கடை வாரண்டி உண்டு' என்பவர் உங்களுக்கு விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பணத்தைத்தான்.

வரி ஏய்ப்பு ஒருபுறம் இருக்கட்டும். க்ரே மார்க்கெட் என்று தெரிந்தே வாங்குபவரை யாரும் ஏமாற்றவில்லை. முழு விலை கொடுத்தும் இந்தப் பொருளை வாங்கி வருபவரே ஏமாந்தவர். ஆகவே என் தீர்ப்பில் முதலிடம், சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில்லுக்கும், அந்த நம்பரைக் கம்பெனியின் இந்திய வாரண்டிப் பதிவு ஏற்பதற்கும். இரண்டாமிடம் எக்ஸிஃப். பெட்டி சீலுக்கும் ஹாலோகிராமுக்கும் இடமில்லை. பில்லில் நம்பரை எழுத மறுக்கும் கடையில் பணத்தை வெளியே எடுக்கவே வேண்டாம்.