பாலையாக்கப்படும் நிலம்: தொலைக்காட்சியின் வனவல்லுநர் மூவர்

குறிஞ்சாக்கேணி என்னும் ஊர்ப்பெயரை இரண்டாகப் பிரித்தால் ஒரு கீரையும் ஒரு நீர்நிலையும் கிடைக்கும். குறிஞ்சா வேலியிற் படரும் கொடி. அதன் இலையைச் சிறிதாய் அரிந்து தேங்காய்ப்பூவுடன் வறையாக்கி உண்பது கிழக்கிலங்கைச் சமையலறைகளில் இன்றும் உள்ள வழக்கம். கேணி நீர் தருவது. ஊருக்கு அப்பெயர் வந்த வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், ஆளரவமற்ற நிலத்தில் அகப்பட்ட ஒருவன் உயிர்தரித்திருப்பது எங்ஙனம் எனக் கற்பிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்க்க நேர்ந்தபோதெல்லாம் இப்பெயர் என் நினைவுக்கு வந்ததுண்டு. வல்லுநர் ஒருவர் ஒரு மணித்தியாலம் அலைந்து தேடும் உணவையும் நீரையும் எம்மூரார் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கின்றனர்.

இத்தகைய நிகழ்ச்சிகள் இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகுமா என வினவுவோர் நம் தமிழ்த்துறைகளில் இன்னும் உளர். நாட்டார் பாடலையும் கூத்தையும் பற்றி ஒருகாலத்தில் எழுப்பப்பட்ட வினாவும் இதுவே. மனிதனுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவை ஒரு கதையாக அமைத்துக் கோடிக்கணக்கானோருக்குச் சொல்லும் எந்தப் படைப்பும் திறனாய்வுக்குத் தப்ப முடியாது. மேலும், நிலத்தை அடிப்படையாகக் கொண்டே தன் கவிதையியலை வகுத்த மொழி நம்முடையது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பகுப்பைச் சங்கச் செய்யுளுக்கு மட்டும் உரியதெனப் பூட்டி வைப்பதைவிட, இக்காலப் படைப்பொன்றின்மீது பிரயோகித்து அது தாங்குகிறதா எனப் பார்ப்பது பயனுடையது.

மூவரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். முதலாமவர் பிரித்தானியரான பெயார் கிறில்ஸ். விசேட வான்சேவைப் படையின் தொண்டர் அணியில் பயின்ற இவரது 'மான் வேர்சஸ் வைல்ட்' தொடர் 2006 முதல் 2011 வரை டிஸ்கவரி அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. மனிதனை வனத்தின் எதிர்க்கட்சியாக நிறுத்தும் அத்தலைப்பே நிகழ்ச்சியின் முழுக் கருத்தையும் சொல்லிவிடுகிறது. வானூர்தியிலிருந்து குதித்தல், நீர்வீழ்ச்சியின் ஓரமாக இறங்குதல், புழுவை உயிரோடு மெல்லுதல், யானை விட்டையைப் பிழிந்து நீர் குடித்தல் என ஒவ்வொரு செயலும் முந்தியதை விஞ்சுமாறு அடுக்கப்படுகின்றது. உயிர்தப்புதல் பற்றிய எளிய பாடநூல் எதனையும் புரட்டினால், அகப்பட்டவன் இயன்றவரை வியர்க்காமல், காயமடையாமல், இருந்த இடத்திலேயே இருந்து உதவியை எதிர்நோக்க வேண்டும் என்பதே முதற் பாடமாக இருக்கும். கிறில்ஸின் ஓட்டமும் பாய்ச்சலும் அப்பாடத்துக்கு நேர்மாறானவை. அசையாமல் அமர்ந்திருக்கும் மனிதனை நாற்பது நிமிடம் எவரும் பார்க்கமாட்டார் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும்.

2007இல் இந்நிகழ்ச்சியைப் பற்றிச் சர்ச்சை எழுந்தது. சில இரவுகளைக் கிறில்ஸ் விடுதியிற் கழித்தார் என்பதும், குழுவினர் முன்னரே கட்டிப் பிரித்துவைத்த தெப்பத்தையே அவர் கட்டுவதாகக் காட்டப்பட்டது என்பதும் வெளிவந்தன. அதன்பின் சில காட்சிகள் செயற்கையாக அமைக்கப்பட்டவை என்னும் அறிவித்தல் சேர்க்கப்பட்டது. இதனைப் பெரும் மோசடியாகக் கருதிக் கொதித்தெழுந்தோர் பலர். எனக்கு அது அத்துணை முக்கியமாகத் தோன்றவில்லை. கூத்தன் உண்மையிலேயே இறந்தானா என எவரும் கேட்பதில்லை. நான் குறையாகக் காண்பது வேறு. கிறில்ஸின் நிகழ்ச்சியில் மொரோக்கோவுக்கும் ஐஸ்லாந்துக்கும் வேறுபாடு இல்லை. மரமும் விலங்கும் கருப்பொருளாக அமையாது, அரங்கப் பொருளாக வந்து போகின்றன. ஓர் ஆறு அவருக்கு எப்போதும் தடை மட்டுமே. அதில் எவரும் குளித்ததாகவோ மீன் பிடித்ததாகவோ நினைக்க இடமில்லை.

கனடியரான லெஸ் ஸ்ரவுட் இதற்கு மறுதலையானவர். 2004இல் தொடங்கிய அவரது 'சேர்வைவர்மேன்' நிகழ்ச்சியிற் படப்பிடிப்புக் குழு இல்லை. ஏழு நாள் தனித்திருந்து, கமராக்களைத் தாமே சுமந்து, தம்மைத் தாமே படமெடுத்தார். ஆபத்து நேரின் அழைப்பதற்கு உதவியாளர் தொலைவில் இருந்தனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இந்நிகழ்ச்சியின் மிகச் சிறந்த இடம் எதுவென என்னைக் கேட்டால், வேட்டையையோ தீக்கடைதலையோ சொல்லமாட்டேன். தூரத்தே நடந்து மறையும் தம் உருவத்தைப் படமாக்குவதற்குக் கமராவை நிறுத்திவிட்டு நடந்துபோய், மீண்டும் திரும்பி வந்து அதனை எடுத்துக்கொண்டு அதே வழியை மூன்றாம் முறையும் நடக்கவேண்டியிருப்பதை அவர் களைப்போடு விளக்கும் இடமே அது. பசித்தவனுக்கு ஒவ்வோர் அடியும் செலவு. படைப்பாளி தன் உருவாக்கத்தின் விலையை வெளிப்படையாகச் சொல்லும் நேர்மை அங்கே தெரிகிறது.

ஸ்ரவுட் பலமுறை தோற்கிறார். தீ பற்றுவதில்லை, கண்ணியில் எதுவும் விழுவதில்லை, மூன்றாம் நாள் அவர் முகம் வாடிவிடுகிறது. முதற்பொருளின் ஓர் உறுப்பாகிய பொழுது முழுமையாக வருவது இவரிடத்திலேயே. மாலை வருவதை அஞ்சும் மனநிலையை, விடியலுக்குக் காத்திருக்கும் நீண்ட இராப்பொழுதை, நம் பழம்பாடல்களின் தலைவி அறிவாள், கிறில்ஸ் அறியார். எனினும் ஸ்ரவுட்டின் நிலமும் வெறுமையானதே. உள்ளூர் வல்லுநரிடம் முன்கூட்டியே பயின்றே அவர் காட்டுக்குள் போகிறார். ஆனால் அந்த ஆசிரியர் படத்தில் பெரும்பாலும் வருவதில்லை. இக்குறையை அவரே உணர்ந்தார் போலும். பின்னர், 2010இல், பழங்குடி மக்களிடம் சென்று கற்கும் வேறொரு தொடரைத் தயாரித்தார்.

மூன்றாமவர் பிரித்தானியரான றே மியேர்ஸ். 1983இல் வனக்கைத்திறன் பயிற்சி நிலையமொன்றை நிறுவி, தொண்ணூறுகளில் பி.பி.சி. வாயிலாக அறிமுகமான இவர் ஓடுவதுமில்லை, குதிப்பதுமில்லை. பருத்த உடலும் மெல்லிய பேச்சும் உடையவர். அல்கொன்குவின் இனத்துக் கைவினைஞர் ஒருவரோடு அமர்ந்து பூர்ச்சமரப் பட்டையினால் ஓடம் கட்டும் பகுதியொன்று அவர் நிகழ்ச்சிகளுள் உண்டு. பட்டையைக் கிழியாமல் உரிப்பதும், வேரைப் பிளந்து தையல் நூலாக்குவதும், பிசினால் பொருத்துகளை அடைப்பதும் நிதானமாகக் காட்டப்படுகின்றன. அதில் உயிராபத்து எதுவுமில்லை. பார்ப்பவன் அந்த ஓடம் மிதக்குமா என்றே கவலைப்படுகிறான். கருப்பொருள் தனக்குரிய தொழிலோடும் மக்களோடும் வருவதனால், மூவருள் இவரையே நான் மேலானவராகக் கொள்கிறேன். ஆயினும் இவரும் விருந்தினரே.

ஈண்டு பாலைத்திணை பற்றி ஒரு சொல். தொல்காப்பியர் ஏனைய நான்கு திணைகளுக்கும் நிலம் வகுத்துப் பாலைக்கு வகுக்காது விட்டார். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பிழந்து கொள்ளும் வடிவமே பாலை என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் தருகிறது. அஃதாவது பாலை ஓர் இடமன்று, ஒரு நிலைமை. அதனூடு போகிறவனுக்கு அது பாலை. மழை பெய்தால் அங்கேயே இருப்பவனுக்கு அது மீண்டும் முல்லை. தொலைக்காட்சியின் வனவல்லுநர்கள் செய்வது யாதெனின், உலகின் எல்லாத் திணைகளையும் பாலையாக மாற்றுவதே. நிலம் கொடிதாகத் தோன்றவேண்டுமாயின் அங்கு வாழ்வோர் மறைக்கப்படவேண்டும். பாட்டி ஒருத்தி கீரை பறித்துக்கொண்டிருக்கும் காட்டில் எந்த வீரனும் உயிர்தப்பிக் காட்ட இயலாது.

இம்மறைப்பு கமராவின் வேலை மட்டுமன்று. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியோடு கிறில்ஸ் தோன்றிய நிகழ்ச்சி கோர்பெட் தேசிய வனத்தில் எடுக்கப்பட்டு 2019 ஓகஸ்ட் 12இல் ஒளிபரப்பாயிற்று. நடிகர் ரஜினிகாந்தோடு அவர் தோன்றியது பந்திப்பூர்ப் புலிக் காப்பகத்தில். அது 2020 மார்ச்சில் வெளிவந்தது. பந்திப்பூர், நாகரகொளைக் காடுகளை வாழிடமாகக் கொண்டிருந்த தேன் குறும்பர்களுட் பலர் வனப் பாதுகாப்பின் பெயரால் அங்கிருந்து அகற்றப்பட்டவர்கள். நம் நாட்டிலும் மதுறு ஓயா தேசிய வனம் 1983இல் பிரகடனப்படுத்தப்பட்டபோது தம்பானை வேடர் தம் வேட்டைக் காட்டை இழந்தனர். காட்டை அறிந்தவனுக்கு அது தடைசெய்யப்பட்ட இடம். அறியாதவனுக்கு அனுமதியோடு கூடிய அரங்கு. மூதூர், வாகரைப் பகுதிகளில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரைப் பற்றி இத்தகைய நிகழ்ச்சி எதுவும் பேசியதாக நான் அறியேன்.

மாறாக ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பாம்புத்தோல் வணிகம் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் தடைப்பட்டபின், செங்கற்பட்டுப் பகுதி இருளர் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விடமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுத்து வருகின்றனர். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைச் சில வாரங்களிலேயே பத்துக்கு மேல் பிடித்துக் கொடுத்தனர். பாம்பைத் தேடாது அதன் தடத்தையும் எச்சத்தையும் தேடியதே அவர்களது முறை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் எதனையும் வென்று காட்டவில்லை, வேலை செய்தார்கள்.

குறிஞ்சாக்கேணிக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவும் இப்பொருளுக்குத் தொடர்புடைய கதை ஒன்றை வைத்திருக்கிறது. புயலிற் பாய்மரம் இழந்து பழுதுபார்க்க வந்த ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் 1660இல் மூதூர்க் கரையில் தந்தையாரோடு சிறைப்பட்டார். கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து, 1679 ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. டானியல் டீபோவின் 'றொபின்சன் குரூசோ'வுக்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்பர். கிறில்ஸ், ஸ்ரவுட் ஆகியோரின் குலமுதல்வன் குரூசோ எனின், அக்குலத்தின் ஒரு வேர் நம் கரையிலேயே இருக்கிறது.

நொக்ஸ் தப்பியது எங்ஙனம்? தொப்பி பின்னினார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார், சிறுபொருள் சுமந்து விற்கும் வணிகராய் வடக்கே ஊர்ஊராகச் சென்றார். வழி கேட்டார், மொழி கற்றார், பலமுறை முயன்று பலமுறை திரும்பினார். அநுராதபுரத்துக்கு அப்பால் மல்வத்து ஓயாவைத் தொடர்ந்து காட்டினூடு தோழரோடு நடந்தது சில நாட்களே. கோடரியும், மழைக்குத் தாளிப்பனை ஓலையும் அவர்களிடம் இருந்தன. தொலைக்காட்சி இக்கதையை எடுத்தால் அந்தச் சில நாட்களை மட்டுமே காட்டும். பத்தொன்பது ஆண்டுக் கல்வியைக் காட்டாது.

அவர் நூலில் ஓரிடம் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. ஆற்றோரம் தங்கியிருந்த காட்டுமக்களின் குரல் கேட்டு அஞ்சி, இருவரும் மரப்பொந்தொன்றினுள் ஒளிந்திருக்கின்றனர். கேட்டவை பெண்கள், சிறுவர் குரல்கள். ஒரே ஆறு, ஒரே மாலைப்பொழுது. மரத்துக்குள் இருந்தவர்களுக்கு அது பாலை. வெளியே இருந்தவர்களுக்கு வீடு. இதனை மறையாது எழுதிவைத்த நொக்ஸை நம் காலத்து வல்லுநர் மூவருக்கும் மேலாக மதிக்கத் தோன்றுகிறது.

இவ்வளவும் எழுதியபின், எம்மூரின் பெயரை உலகச் செய்திகளுக்குக் கொண்டுசென்ற நாளைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தமையால் மக்கள் களப்பை இழுவைப் படகிற் கடந்துவந்த காலம். கிழக்கிலே இத்தகைய படகைப் 'பாதை' என்றே வழங்குவர்; நீரும் வழியே என்று கருதியவர்கள் வைத்த பெயர் அது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைச் சிறார் உட்பட அறுவர் அன்றே இறந்தனர். பின்னர் அத்தொகை கூடிற்று. கரையில் நின்றவர்கள் உடனே நீரிற் குதித்து இயன்றவரை மீட்டனர். அவர்களுக்கு அக்களப்பின் ஆழமும் இழுப்பும் தெரியும்.

காற்றின்றி மூன்று நிமிடம், நீரின்றி மூன்று நாள், உணவின்றி மூன்று வாரம் என்னும் கணக்கை மேற்கூறிய வல்லுநர்கள் அடிக்கடி சொல்வர். அவர்களது நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நீரையும் உணவையும் பற்றியவை. அன்று வேண்டியிருந்தது முதற் கணக்கு. முல்லையும் நெய்தலும் மயங்கிய ஒரு நிலம் வேனில் வராமலே, ஒரு கடவையின் குறைவினால், சில நிமிடங்களுக்குப் பாலையாயிற்று. அப்பாலையை எந்தத் தொடரும் தன் நிகழ்ச்சிக்குத் தெரிவுசெய்யாது. அங்கு போவோர் துணிவை நாடிப் போகின்றவர்கள் அல்லர்.

அதற்குச் சில ஆண்டுகள் முன், என் தமையனார் மகனோடு அமர்ந்து கிறில்ஸின் நிகழ்ச்சியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேற்சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலையிற் கட்டிக்கொண்டு குளிர்ந்த ஆறொன்றை நீந்திக் கடந்தார். இசை உச்சத்துக்குப் போயிற்று. நாள்தோறும் நீரைக் கடந்து பாடசாலை போய்வரும் அச்சிறுவன் திரும்பி என்னைக் கேட்டான்: "சாச்சா, அவருக்கு அக்கரையில என்ன வேல?"