பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல்: ஒரு விதியின் குறை

நாட்டுக்கோழி வளர்ப்பைப் பற்றிய கையேடுகள் பலவற்றில் "10 பெட்டைக்கு ஒரு சேவல்" என்ற விதியைக் காணலாம். சேவல் மிகுந்தால் சண்டை மிகும். குறைந்தால் கருவுறாத முட்டை மிகும். எனவே இவ்விதி அனுபவத்தில் பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதில் ஒரு பெருங்குறை உண்டு. இது சேவல்களின் தலைகளை எண்ணுகிறதே தவிர, அவற்றின் வயதைக் கேட்பதில்லை. எட்டு மாத விடைச்சேவலும் நான்கு வயதுக் கிழச்சேவலும் இக்கணக்கில் ஒன்றே. இது பொருந்துமா என்று பார்ப்போம்.

சேவலின் விந்தகங்கள் உடலுக்குள்ளேயே, முதுகெலும்பை ஒட்டி அமைந்துள்ளன. அங்கே ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகின்றன. நாட்டுச் சேவல் ஐந்தாறு மாதங்களிலேயே கூவவும் பெட்டையை மிதிக்கவும் தொடங்கிவிடும். ஆயினும் மிதித்தல் வேறு, கருவுறச் செய்தல் வேறு. இளஞ்சேவலின் தொடக்க கால விந்து அளவிலும் தரத்திலும் நிலையற்றது. பின்னர் அது சீரடைந்து, சிறிது காலம் உச்சத்தில் நின்று, வயது ஏற ஏறத் தாழ்கிறது. விந்தணுக்களின் எண்ணிக்கை குறைகிறது, துடிப்பு மங்குகிறது, குறையுள்ள அணுக்கள் பெருகுகின்றன. உடற்பருமனும் கால்நோயும் சேர்ந்துகொண்டால் சேவல் மிதிப்பதும் அரைகுறையாகிறது.

கறிக்கோழிகளின் தாய்ப்பண்ணைகளில் 45 வார வயதை ஒட்டிக் கருவுறுதல் சரிவது தெரிந்த செய்தி. அதனால் பல பண்ணைகளில் அந்தக் கட்டத்தில் இளஞ்சேவல்களைச் சேர்ப்பார்கள். ஆனால் அவை விரைந்து எடை கூடுவதற்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்ட இனங்கள். சிறுவிடைச் சேவலுக்கும் அசில் சேவலுக்கும் அந்த வாரக் கணக்கை அப்படியே பொருத்துவது, நாம் குறைகூறும் விதியைப் போன்றே கண்ணை மூடிக்கொண்டு செய்யும் செயலாகும்.

சரிவு உடனே கண்ணில் படாததற்கு ஒரு காரணம் பெட்டையிடம் இருக்கிறது. அதன் முட்டைக்குழலில் விந்தணுக்களைச் சேமிக்கும் நுண்குழல்கள் உள்ளன. ஒருமுறை இணைந்த பெட்டை, பத்து நாள்களுக்கு மேலும் கருவுற்ற முட்டைகளை இடக்கூடும். ஆகவே சேவல் தளர்ந்த பின்னும் சில நாள்கள் முட்டைகள் நன்றாகவே இருக்கும். சேவலை மாற்றிய பின்னரும் மூன்று வாரம் வரை பழைய சேவலின் குஞ்சுகள் பிறக்கக்கூடும்.

இனி, விதியின் மிகப் பெரிய ஓட்டையைக் காண்போம். 20 பெட்டைகளும் இரண்டு சேவல்களும் உள்ள மந்தையில் கணக்குச் சரிதான். ஆனால் ஒன்று மூத்தது; அதுவே தலைமைச் சேவல். அது இளையதைப் பெட்டைகளிடம் நெருங்கவிடாது. 2010ஆம் ஆண்டில் ரெபெக்கா டீன், தொம்மாசோ பிட்சாரி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதையே சுட்டியது. வயதான சேவலின் கருவுறச் செய்யும் திறன் குறைந்தாலும், அதன் ஆதிக்கம் அதே அளவில் குறைவதில்லை. அதனால் இழப்பு பெட்டைகளுக்கே. தாளில் இரண்டு சேவல்கள். உண்மையிலோ ஒன்றுகூட முழுதாக இல்லை!

அப்படியானால் கிழச்சேவல்களையெல்லாம் கழித்துவிடலாமா? அதுவும் அவசரமே. பொரியாத முட்டை எல்லாவற்றையும் "கூமுட்டை" என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட்டுப் பழியைச் சேவல்மீது போடுகிறோம். அடைவைத்த ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியில் முட்டையைப் பாருங்கள். சிலந்திபோல் இரத்த நாளங்கள் பரவியிருந்தால் அது கருவுற்றது. தெளிவாக இருந்தால் உடைத்துப் பார்ப்பது நல்லது. கரு மிக இளமையில் இறந்திருக்கவும் கூடும். 100 முட்டைகளில் 80 கருவுற்று 72 பொரித்ததாக வைத்துக்கொள்வோம். கருவுறாத 20 முட்டைகளுக்குச் சேவலை ஐயுறலாம். கருவுற்றும் பொரியாத 8 முட்டைகளுக்கு முட்டையைச் சேமித்த முறை, வெப்பம், ஈரம், தாய்க்கோழியின் தீவனம் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும்.

நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு இது வீண் ஆராய்ச்சி அன்று. நோய் தாங்கி, நல்ல குஞ்சுகளைத் தந்து தன்னை மெய்ப்பித்த ஒரு சேவலை அவசரப்பட்டுச் சந்தைக்கு அனுப்பினால், அதன் வழி அத்துடன் முடிந்துவிடலாம். அதன் இடத்தில் அதே மந்தையில் பிறந்த மகனை நிறுத்தினால் நெருங்கிய உறவுக் கலப்பு நேர்ந்து, பொரிப்பும் குஞ்சுகளின் வலிமையும் குன்றும். மாறாக, பழைய புகழை நம்பி அச்சேவலைத் தலைமையிலேயே விட்டுவைத்தால் அடைக்கு அடை முட்டைகள் வீணாகும். சில பெட்டைகளை மட்டும் நம்பிக் குஞ்சு விற்கும் வீட்டில் அது சிறிய இழப்பா?

எனவே விதியை இவ்வாறு திருத்திக்கொள்ளலாம். சேவலின் காலில் வளையமிட்டுப் பிறந்த மாதத்தைக் குறித்து வையுங்கள். ஒவ்வோர் அடையிலும் கருவுற்ற முட்டைகளைத் தனியே எண்ணுங்கள். எண்ணிக்கை தொடர்ந்து சரிந்தால், மூத்த சேவலை நான்கைந்து பெட்டைகளுடன் தனியே அடையுங்கள். முதல் மூன்று வார முட்டைகளைக் கணக்கில் சேர்க்காமல், அதன்பின் இடும் முட்டைகளைச் சோதியுங்கள். தேறினால், அதைச் சிறு கூட்டத்துக்குத் தந்தையாக வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால், வேறு மந்தையில் பிறந்த இளஞ்சேவலுக்கு இடம் கொடுக்கலாம். "எத்தனை சேவல்?" என்று கேட்கும் கையேடு, "எத்தனை வயது?" என்றும் கேட்டால்தான் முழுமையாகும்.