அருவ இயற்கணிதத் தமிழாக்கம்: சொல்லும் தொடரும்

முதுநிலைப் பட்டப்படிப்பில் அருவ இயற்கணிதம் பயிலும் மாணவர் எண்களைக் காட்டிலும் வரையறைகளையே மிகுதியாகக் கையாளுகிறார். வரையறை ஒரு மொழித்தொடர்; அதன் ஒரு சொல் இடம் மாறினும் நிறுவல் பிழைபடும். ஆதலின் இப்பாடத்தின் தமிழாக்கம் மொழியியலாரின் மதிப்பீட்டுக்கும் உரியது. அம்மதிப்பீடு கலைச்சொற்பட்டியலோடு நின்றுவிடுதல் போதாது.

பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை இடர் குறைவே. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் இயலும் எண் அமைப்பினை டெடிகிண்ட் 1871இல் 'உடல்' எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லாற் குறித்தார். பிரெஞ்சு மொழியும் அவ்வாறே வழங்குகிறது. ஆங்கிலத்திலோ, மூர் என்பவர் 1893இல் 'வயல்' எனப் பொருள்படும் சொல்லை ஆண்டார். உருவகம் வேறுபட்டும் கருத்து சிதையவில்லை. தமிழில் வழங்கும் 'புலம்', 'களம்' என்னும் இரண்டனுள் எதனைக் கொள்ளினும், நூல் முழுதும் அதனையே ஆளுதல் போதும்.

அடைச்சொற்களின் நிலை வேறு. தன்னையும் சமனியை மட்டும் கொண்ட உட்குலத்தையும் தவிர வேறு இயல்நிலை உட்குலம் இல்லாத குலத்தை, ஆங்கில அடையின் அன்றாடப் பொருளைப் பின்பற்றி 'எளிய குலம்' என்பது உண்டு. கிரைஸ் 1982இல் கட்டமைத்து வெளியிட்ட மான்ஸ்டர் குலமும் இவ்வகையினதே; அதன் உறுப்புகளின் எண்ணிக்கை 54 இலக்கங்களால் ஆனது. அதனை எளியது என்பது மாணவரை மயங்கவைக்கும். பகா எண்ணோடு ஒப்பிட்டுப் 'பகாக் குலம்' எனலாம் எனின், வேறொரு சிக்கல் எழுகிறது. உறுப்பெண்ணிக்கை பகா எண்ணாக அமைந்த குலங்கள் யாவும் இவ்வகையின. ஆயின் இவ்வகையின யாவும் அத்தகையன அல்ல. இவ்வகையில் பரிமாற்றுப் பண்பில்லாத மிகச் சிறிய குலம் 60 உறுப்புகளை உடையது. 60 பகா எண்ணன்று. வேதியியலின் 'தனிமம்' மேலும் பகுக்கவியலாமையை உணர்த்துவதால், அதனையொட்டித் 'தனிக் குலம்' என்பது பொருந்தும்.

இதனினும் பெரிய இடர் தொடரமைப்பில் உள்ளது. "ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சமனி உறுப்பு உண்டு" என்னும் தொடர் இலக்கணப் பிழையற்றது, கணிதப் பிழையுடையது. முன்வரும் 'ஒவ்வோர்' பின்வரும் 'ஒரு' என்பதனை ஆளுவதால், உறுப்புதோறும் வெவ்வேறு சமனி இருக்கலாம் என்னும் பொருள் பிறக்கிறது. மிகை, குறை, சுழி ஆகிய முழுக்களின் கணத்தில், இரண்டனுள் பெரியதைத் தெரிவதைச் செயலியாகக் கொள்க. 7-ஐ 7-உடன் சேர்ப்பின் 7 கிடைக்கும். ஒவ்வோர் எண்ணும் தனக்குத்தானே சமனி. இக்கணம் மேற்கண்ட தொடரை நிறைவு செய்கிறது. எனினும் யாவற்றுக்கும் பொதுவான சமனி இதில் இல்லை. மிகச் சிறிய முழு இல்லாமையே காரணம். ஆதலின் இது குலமன்று.

இவ்விடரைத் தீர்க்கும் வழி தமிழிலக்கணத்திலேயே உண்டு. "கணத்தின் எல்லா உறுப்புகளையும் மாற்றாதுவிடும் உறுப்பு ஒன்று அக்கணத்தில் உண்டு" எனப் பெயரெச்சத் தொடராக அமைப்பின், 'எல்லா' என்பது எச்சத்தினுள் அடங்கிவிடும். உறுப்பு ஒன்றே என்பது தெளிவாகும். மாறாக, எதிர்மறை உறுப்பு உறுப்புதோறும் வேறுபடுவது. அதனை, "ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்குரிய எதிர்மறை உறுப்பு ஒன்று உண்டு" எனல் வேண்டும். 'அதற்குரிய' என்னும் சுட்டு அச்சார்பை வெளிப்படுத்துகிறது.

ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல்லை நிறுத்தும் பட்டியல் இவ்வேறுபாட்டைக் காட்டாது. கலைச்சொற்கள் வரையறையிலும் தேற்றத்திலும் நிறுவலிலும் வைத்துச் சோதிக்கப்படுதல் வேண்டும். அச்சோதனையில் கணிதவியலாரோடு மொழியியலாரும் அமர்தல் இன்றியமையாதது. பிழையான தொடரைக் கற்ற மாணவர் அதிலிருந்து முறையாகவே தருக்கித்துத் தவறான முடிபை அடைவார். அப்பிழையை அவரது அறிவின்மேல் ஏற்றுதல் முறையாகாது, அது மொழிபெயர்ப்பின்பாற்பட்டது.